வகுப்பறைக்குத் தைத்த திரைச்சீலைகளும் திண்டுகளும்: ஓராண்டுப் புழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

தொடக்கப் பள்ளியில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் கிடைத்த விடுமுறையில், என் வகுப்பறையின் மூன்று சன்னல்களுக்குத் திரைச்சீலைகள், வாசிப்பு மூலைக்கு மெத்தைகளும் திண்டுகளும், நாற்காலிகளின் முதுகில் மாட்டும் பைகள் என எல்லாவற்றையும் வீட்டிலுள்ள சாதாரணத் தையல் இயந்திரத்தில் நானே தைத்தேன். அவை ஓராண்டு முழுவதும் இருபத்தெட்டுக் குழந்தைகளின் கையிலும் காலிலும் புரண்டு, வெயில் பட்டு, பலமுறை துவைக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே அவற்றுக்குப் பயன்படுத்திய துணி, திரையின் பின்பக்கம் கொடுக்கும் லைனிங் துணி, நாடா, ஃபோம், ஜிப் ஆகியவற்றைப் பற்றி இப்போது என்னால் பொறுப்புடன் சொல்ல முடியும். தைத்து முடித்த நாளிலேயே எழுதியிருந்தால் இந்த மதிப்புரை முற்றிலும் வேறாக இருந்திருக்கும். கம்பியில் கோப்பதற்காகத் திரையின் மேல்விளிம்பில் பதிக்கும், அன்று நான் மெச்சிய ஐலெட் வளையங்களையும் படம் அச்சிட்ட துணியையும் இன்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சத் துணியில் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் தைத்த நாற்காலிப் பைகளோ நாள்தோறும் பயன்படுகின்றன.

துணியின் நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே தீயைப் பற்றி யோசித்துவிட வேண்டும். வீட்டுச் சன்னலுக்குத் திரை தைக்கும்போது இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. பல குழந்தைகள் ஒரே வாசல் வழியாக வெளியேற வேண்டிய அறையில் அது முதல் கேள்வி. பிரிட்டனில் பிஎஸ் 5867, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701 என்று திரைத்துணி தீயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதிப்பதற்குத் தரநிலைகள் இருக்கின்றன. துணிச்சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டில் இத்தகைய எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும், எந்தத் தரநிலையைப் பள்ளி ஏற்கும் என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது. ஒரு பொருள் தொடர்ந்து எரிவதற்குக் காற்றில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. பருத்திக்கு ஏறத்தாழ 18, பாலியெஸ்டருக்கு 20 அல்லது 21, கம்பளிக்கு 25 என்பது அதன் கணக்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 விழுக்காடு. ஆகவே சாதாரணப் பருத்தித் திரையில் தீப்பட்டால் அது தானாக அணையாது. சாதாரணப் பாலியெஸ்டர் சுருங்கி உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஆழமான காயம் உண்டாகும்.

தீத்தடுப்புத் துணிகளிலும் இரண்டு வகை உண்டு. நெய்த பிறகு மருந்தில் தோய்த்தெடுத்த துணி ஒரு வகை. நூலிழையிலேயே தடுப்புத் தன்மை சேர்ந்திருக்கும் துணி இன்னொரு வகை. முதல் வகையில் பல துணிகள் துவைக்கத் துவைக்கத் தங்கள் தன்மையை இழந்துவிடும். குழந்தைகள் வண்ணம் தீட்டும் அறையில் துவைக்காமல் வைத்திருக்கக்கூடிய திரை என்று ஒன்று கிடையாது என்பதால், நான் இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுத்தேன். பருத்தியைப் போன்ற சொரசொரப்பான நெசவுடைய, தீத்தடுப்பு இழையால் ஆன பாலியெஸ்டர் அது. தொட்டால் பருத்தியின் குளுமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஓராண்டில் நான்கு முறை துவைத்த பிறகும் அது அளவு குறையவில்லை, தொங்கவிட்டுக் காயவைத்தால் இஸ்திரி போடத் தேவையில்லை, வெயில் படும் பக்கத்திலும் அதன் நீலம் வெளிறவில்லை. இதை விடக் கூடுதலாக ஒரு வகுப்பறைத் திரையிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

வெளிறுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாயம் வெயிலை எவ்வளவு தாங்கும் என்பதை 1 முதல் 8 வரையான நீலக் கம்பளி அளவுகோலால் குறிப்பார்கள். எண் கூடக் கூடத் தாங்கும் திறன் கூடும். என் திரைத்துணியின் மதிப்பு 6. அதே நீலத்தில் எடுத்த பருத்திக் கேன்வாஸின் சீட்டில் அந்த எண் இல்லை, நானும் கேட்கவில்லை. அதில் தைத்த திண்டுகளில் சன்னலோரம் கிடந்தவை ஒரு பக்கம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டன. இப்போது அவற்றை வாரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்கிறேன். இது வெளிறலைத் தடுக்கவில்லையென்றாலும் துணி இரு பக்கமும் ஒரே சீராக வெளிறுகிறது.

திரைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கணக்கிடுவதில்தான் புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள் என்பதால், என் கணக்கை முழுவதுமாகத் தருகிறேன். திரைக்கம்பியின் நீளம் 180 சென்டிமீட்டர். திரை தட்டையாகத் தொங்காமல் கொசுவம் கொசுவமாக விழ வேண்டுமானால் கம்பியின் நீளத்தைப் போல் இரு மடங்கு அகலத் துணி வேண்டும். ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் அது திரையாகத் தெரியாது, காயப்போட்ட போர்வையாகத் தெரியும். ஆகவே தேவையான அகலம் 360 சென்டிமீட்டர். துணியின் அகலம் 137 சென்டிமீட்டர் என்பதால் மூன்று அகலங்கள் சேர்த்தால் 411 கிடைக்கும். பக்க மடிப்புக்கும் இணைப்புத் தையலுக்கும் போக மீதி தேவைக்குச் சற்று மிகுதியாகவே நிற்கும். உயரம் 150 சென்டிமீட்டர். அடியில் பத்துப் பத்தாக இரட்டை மடிப்புக்கு 20, மேலே நாடா வைத்துத் தைக்க 8, ஆக 178. மூன்று துண்டுகளுக்கு 534. ஒரு சன்னலுக்கு ஐந்தரை மீட்டர் எடுத்தால் நிம்மதியாக வெட்டலாம். கட்டங்களோ பூக்களோ உள்ள துணியாக இருந்தால், வடிவம் திரும்ப வரும் இடைவெளியை ஒவ்வொரு துண்டோடும் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இணைப்பில் பூவின் பாதி ஒரு பக்கமும் மறுபாதி ஒரு சாண் கீழேயும் நிற்கும். மூன்றாவது அகலத்தை நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு திரைகளுக்கும் வெளிப்பக்க ஓரத்தில் வரும்படி இணைத்தேன். நடுவில் சந்திக்கும் ஓரங்களில் இணைப்பு தெரியாமல் இருப்பதற்கு இதுவே வழி.

அடிமடிப்பை ஏன் பத்துப் பத்தாக இரட்டிப்பது என்று கேட்கலாம். எடை கூடுவதால் திரை நேராக நிற்கிறது என்பது ஒரு காரணம். என்றாவது திரை உயரம் குறைந்தாலோ வேறொரு சன்னலுக்கு மாற்ற நேர்ந்தாலோ பிரித்து நீட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு காரணம். எடைக்காக மடிப்புக்குள் ஈயக் குண்டுகளையோ ஈயச் சங்கிலியையோ வைத்துத் தைக்கும் பழைய வழக்கத்தைக் குழந்தைகள் இருக்கும் அறையில் பின்பற்றவே கூடாது. ஈயம் நச்சு, மடிப்பு பிரிந்தால் அது சிறு கைகளுக்கு எட்டிவிடும். எனக்கு மடிப்பின் எடையே போதுமானதாக இருந்தது. திரையைச் சன்னலின் கீழ்க்கட்டைக்கு ஒரு விரற்கடை கீழே வருமாறு நிறுத்தினேன். தரை வரை தொங்கும் திரை வரவேற்பறைக்கு அழகுதான். ஆனால் வகுப்பறையில் அது மிதிபடும், இழுபடும், அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தையைத் தேடுவதில் பாடவேளை போய்விடும்.

மேல்பகுதிக்கு இரண்டு முறைகளைச் சோதித்தேன். ஒரு சன்னலுக்கு உலோக ஐலெட் வளையங்களைப் பதித்தேன். மற்ற இரண்டுக்கும் கர்ட்டன் டேப் என்று கேட்டால் கிடைக்கும் சுருக்கு நாடாவை வைத்துத் தைத்து, அதில் பிளாஸ்டிக் கொக்கிகளை மாட்டினேன். ஐலெட் திரை பார்வைக்கு மிக ஒழுங்காக இருந்தது, தைப்பதும் எளிதாக இருந்தது. ஆனால் குழந்தைகள் திரையை நகர்த்துவதற்கு மேற்பகுதியைத் தொடுவதில்லை, கீழ்நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்போது வளையம் கம்பியில் சாய்ந்து சிக்கிக்கொள்கிறது. தொடர்ந்து இழுத்தால் வளையத்தைச் சுற்றியுள்ள துணிதான் கிழிகிறது. ஆறாம் மாதத்தில் இரண்டு வளையங்கள் கையோடு வந்துவிட்டன. மேலும் துவைக்கும்போது அந்த வளையங்கள் இயந்திரத்தின் உருளையில் மோதி எழுப்பும் சத்தத்தைக் கேட்டால் மனம் பொறுக்காது. நாடா வைத்த திரையில் இழுப்பு அளவு மீறினால் முதலில் வளைவது கொக்கி. அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும், துணிக்குச் சேதமில்லை. பலவீனமான பாகம் மலிவானதாகவும் மாற்றக்கூடியதாகவும் இருக்கட்டும் என்பதை இந்தக் கொக்கிகளிடம் கற்றுக்கொண்டேன். நாடாவின் சுருக்குக் கயிற்றை மட்டும் வெட்டிவிடாமல் சுற்றி முடிந்து, நாடாவின் பின்புறத்தில் தைத்த சிறு பைக்குள் வைத்துவிட வேண்டும். துவைப்பதற்கு முன் அதை அவிழ்த்துத் துணியைத் தட்டையாக்கினால்தான் கொசுவங்களுக்குள் ஏறிய அழுக்கு போகும்.

கயிறு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. சன்னல் மறைப்புகளில் தொங்கும் கயிற்று வளையங்களில் கழுத்து மாட்டிச் சிறு குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள்; அதனாலேயே பல நாடுகளில் இவற்றுக்குப் பாதுகாப்பு விதிகள் வந்தன. திரையைப் பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்டுவதற்குக் கூடக் கயிறோ நீளமான நாடாவோ என் வகுப்பில் கிடையாது. நான்கு விரல் அகலத்தில் துணிப்பட்டை தைத்து, நுனியில் வெல்க்ரோ வைத்தேன். ஒரு குழந்தையின் எடையளவு இழுப்பு விழுந்தால் அது தானே பிரிந்துவிடுகிறது. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் நூல்பிசிறு சேர்ந்து பிடிப்பு குறையும்போது பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்கிறேன்.

லைனிங் தேவையா என்று பலரும் கேட்பார்கள். தேவை என்பதே என் முடிவு. லைனிங் இல்லாத திரையில் வெயில் நேராகத் துணியின் இழைகளைத் தாக்குகிறது. கரும்பலகையின் மீதும் படம் காட்டும் திரையின் மீதும் கூசும் ஒளி விழுகிறது. இருட்டாக்கும் லைனிங்கைத் தேர்ந்தெடுத்தால் ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் ஒளி புள்ளியாகத் தெரியும், குண்டூசி குத்தினால் அந்தத் துளை மறையாது. அதனால் துணியைச் சேர்த்துப் பிடிக்கக் கிளிப்புகளைப் பயன்படுத்த வேண்டும், பிரித்துத் தைக்கும் நிலை வராதபடி முதலிலேயே சரியாகத் தைக்க வேண்டும். குழந்தைகள் பகலில் படுத்து உறங்கும் அறையாக இல்லாவிட்டால் முழு இருட்டு தேவையில்லை என்பதால், நான் திரைத்துணியைப் போலவே தீத்தடுப்புச் சீட்டுடன் வந்த சாதாரண வெள்ளை லைனிங்கையே எடுத்தேன். அதை அடியில் திரையோடு சேர்த்துத் தைக்காமல், தனியே மடித்துத் தைத்து, திரையைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகத் தொங்கவிட்டேன். இரண்டு துணிகளும் ஒரே அளவில் சுருங்காது. அடியில் சேர்த்துத் தைத்திருந்தால் முதல் துவைப்பிலேயே திரை உள்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றிருக்கும்.

இனி ஒலிக்கு வருகிறேன். திரைகளை மாட்டிய மறுநாள் காலையில் யாரும் இல்லாத அறைக்குள் நுழைந்து கைதட்டிப் பார்த்தேன். அதற்கு முன் சுவர்களுக்கிடையே ஓடித் திரும்பிய அந்த உலோக ஓசை மங்கியிருந்தது. மாணவர்கள் வந்த பிறகு வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கடைசி வரிசையில் இருப்பவர்களுக்காக நான் குரலை உயர்த்த வேண்டிய தருணங்கள் குறைந்தன, மாலையில் தொண்டை வறண்டு போவதும் குறைந்தது. துணி ஒலியை விழுங்கும் என்பதற்கு மிகப் பழைய சான்று திண்டுகளிடமே இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சு காதில் விழாமல் எதிரொலித்துக் குழம்பிய சிக்கலை ஆராய்ந்த இயற்பியலாளர் வாலஸ் கிளெமென்ட் சபைன், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவுகளில் கூடத்துக்குச் சுமந்துவந்து, அடுக்கிய திண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று ஆர்கன் குழாயையும் கடிகாரத்தையும் கொண்டு அளந்தார். வெறுங்கூடத்தில் ஒலி அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. கட்டட ஒலியியல் என்ற துறையே அந்தத் திண்டுகளிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அறையின் கொள்ளளவையும் ஒலியை விழுங்கும் பரப்பையும் கொண்டு ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிட அவர் கண்டுபிடித்த சூத்திரத்தை என் அறைக்கும் போட்டுப் பார்த்தேன். எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 144 கன மீட்டர். 283 கன மீட்டருக்கு மிகாத வகுப்பறைகளில் எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் வகுப்பறை ஒலியியல் தரநிலை. அந்த அளவை எட்ட என் அறைக்கு தன்மேல் படும் ஒலி முழுவதையும் விழுங்கிவிடும் பரப்பு ஏறத்தாழ 39 சதுர மீட்டர் வேண்டும். மூன்று சன்னல் திரைகளின் பரப்பு மொத்தம் 8 சதுர மீட்டர்தான். நன்றாகக் கொசுவம் வைத்த கனமான திரை பேச்சொலியில் பாதியைச் சற்று முன்பின்னாக விழுங்கும் என்று கொண்டால் கிடைப்பது 4 சதுர மீட்டர் அளவு. ஆகவே திரை மட்டுமே அறையைச் சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாசிப்பு மூலையின் மெத்தைகள், பின்சுவரில் தடித்த கம்பளித்துணி போர்த்திய அறிவிப்புப் பலகை, குழந்தைகளின் உடைகள் எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் கொசுவம் இல்லாமல் தட்டையாகத் தொங்கும் மெல்லிய துணி ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றுமே செய்யாது. துணியில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அகலத்தில் கை வைக்கக் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம். திரையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளித் தொங்கவிட்டால் பயன் மேலும் கூடும்.

படம் அச்சிட்ட துணியைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கரும்பலகைக்கு அருகிலுள்ள சன்னலுக்கு, விலங்குகள் வரிசையாக நடந்து செல்லும் துணியைத் தேர்ந்தெடுத்து முதலில் தைத்தேன். குழந்தைகள் அதை மிகவும் விரும்பினார்கள்; அதுவே சிக்கலாயிற்று. கூட்டல் கணக்கு நடக்கும்போது ஒரு குழந்தை கொசுவத்துக்குள் மறைந்திருந்த யானைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 24 மழலையருக்கு ஒரு சமயம் அலங்காரம் நிறைந்த அறையிலும் மறுசமயம் வெறுமையான அறையிலும் பாடம் நடத்தினார்கள்; அலங்கார அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, வெற்று அறையில் 28.4 விழுக்காடு, பாடத்திலிருந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடைகள் முறையே 42, 55 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆயினும் என் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போனது. அந்தத் திரையைக் கழற்றிவிட்டு அங்கும் ஒரே நீலத்தை மாட்டினேன். குழந்தைகள் பார்த்து அமரும் திசையில் ஒரே நிறம், அவர்களின் முதுகுக்குப் பின்னால் வேண்டிய அளவு படம் என்பதே இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை. கழற்றிய துணியை வீணாக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாசிப்பு மூலையின் மெத்தைகளுக்கு ஃபோமையே பரிந்துரைக்கிறேன், ஆனால் அடர்த்தியைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அதைக் குறிப்பார்கள். 40 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமில் செய்த மூன்று மெத்தைகளும் ஓராண்டுக்குப் பின்னும் எழுந்து நிற்கின்றன. கையிருப்பில் கிடந்த, பொருள்களைப் பொதிந்து அனுப்பப் பயன்படும் இலேசான ஃபோமில் செய்த ஒன்று மூன்றே மாதத்தில் நடுவில் குழிந்துவிட்டது. இலவம்பஞ்சு மென்மையானது, எடையற்றது, ஈரத்தை ஏற்காதது. வீட்டுத் தலையணைக்கு அதைவிட நல்லதில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் குதிக்கும் கால்களுக்குக் கீழே அது கட்டி கட்டியாகிவிடும், உறை பிரிந்தால் அறை முழுவதும் பறக்கும், எளிதில் தீப்பற்றும். சின்னஞ்சிறு தெர்மாகோல் மணிகள் நிரப்பிய பீன் பேக் இருக்கையை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மணிகள் நாளடைவில் நசுங்கி இருக்கை தொய்ந்துவிடும் என்பது சிறு குறை; ஜிப்பைத் திறந்து உள்ளே நுழையும் குழந்தைக்கு மூச்சுக்குழாயில் மணி புகும் ஆபத்து பெருங்குறை.

மெத்தை உறையில்தான் நான் பெரிய தவற்றைச் செய்தேன். சுருங்காத பாலியெஸ்டரில் திரைகளைத் தைத்து முடித்த தன்னம்பிக்கையில், பருத்திக் கேன்வாஸைத் துவைக்காமலேயே வெட்டித் தைத்துவிட்டேன். முன்கூட்டியே துவைக்காத பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கக்கூடும். ஒரு மீட்டர் நீளமுள்ள மெத்தைக்கு அது மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். வெந்நீரில் துவைத்துக் காயவைத்த உறைக்குள் ஃபோமைத் திணித்தபோது அது வில்லாக வளைந்து நின்றது. எல்லா உறைகளையும் பிரித்து, பக்கவாட்டில் பட்டி சேர்த்துத் தைக்க இரண்டு வார இறுதிகள் ஆயின. எந்தச் சூட்டில் பின்னாளில் துவைக்கப் போகிறோமோ அதே சூட்டில் முதலில் துவைத்த பிறகே கத்தரியைத் தொட வேண்டும். துணியில் தூசிச் சிற்றுண்ணிகள் குடியேறும், அவற்றைக் கொல்ல 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும் என்பதால், வகுப்பறைக்கு வரும் பருத்தி எதுவும் அந்தச் சூட்டைக் கண்டே தீரும். பேன் பரவுமோ என்று சில பெற்றோர் தயங்கினார்கள். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளுக்கு மேல் உயிர்வாழாது என்பதையும், வாரக் கடைசியில் உறைகள் கழற்றப்படுகின்றன என்பதையும் சொன்ன பிறகு தயக்கம் நீங்கியது.

உறை கழன்று வருவது எவ்வளவு எளிதாக இருக்கிறதோ அவ்வளவு அடிக்கடி அது துவைக்கப்படும். பின்பக்க நீளத்துக்கு மட்டும் ஜிப் வைத்தால் ஃபோமை மடக்கி இழுக்க வேண்டியிருக்கும். ஜிப்பை இரு மூலைகளையும் தாண்டி ஒரு சாண் பக்கவாட்டில் கொண்டுபோனால் நழுவி வந்துவிடும். குழந்தைகள் திறக்காதபடி ஜிப்பை இழுக்கும் நாக்கை அகற்றிவிட்டு, அதன் ஓட்டியை ஒரு துணி மடலுக்குள் மறைத்தேன். நான் காகித கிளிப் ஒன்றை மாட்டித்தான் திறக்கிறேன். மெத்தைக்குள் ஃபோமுக்கென்று காடாத் துணியில் தனி உறை ஒன்றும் இருக்கிறது. சிறிய திண்டுகளுக்கு ஜிப்பே வேண்டாம். பின்புறம் இரண்டு துண்டுகள் 15 சென்டிமீட்டர் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி தைத்தால் போதும். வெள்ளிக்கிழமை மாலையில் குழந்தைகளே திண்டின் உறையை உருவிக் கூடையில் போடுகிறார்கள், திங்களன்று அவர்களே மாட்டுகிறார்கள். மூலையை மூலையோடு சேர்ப்பதற்கு ஆறு வயதுக் கை படும் பாடு சிறியதல்ல. அதில் வெற்றி கண்ட முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுகிறேன். விளிம்பில் கயிறு வைத்துத் தைத்த அலங்காரம் மட்டும் வேண்டாம். எல்லா உறைகளிலும் முதலில் தேய்ந்து நைந்தது அந்த விளிம்புதான்.

வீட்டுத் தையல் இயந்திரம் இந்த வேலையைத் தாங்குமா என்றால், ஊசியை மாற்றத் தயங்காதவர்களுக்குத் தாங்கும். திரைக்கு 90 எண் ஊசியும், கேன்வாஸுக்கு 100 எண் ஊசியும், பாலியெஸ்டர் நூலும், மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர் தையல் நீளமும் போதுமானவை. மூலைகளில் ஆறு அடுக்குத் துணி சேரும் இடத்தில் மோட்டாரை நம்பாமல் கைச்சக்கரத்தைச் சுற்றித் தைக்க வேண்டும். நான் அவசரப்பட்டு இரண்டு ஊசிகளை முறித்தேன். கேன்வாஸ் உதிர்க்கும் பிசிறு, அடிநூல் சுற்றிய பாபினுக்கு அடியில் சேர்வதால் ஒவ்வொரு மெத்தைக்குப் பிறகும் தட்டைக் கழற்றித் துடைத்தேன்.

கடைசியாக நாற்காலிப் பைகள். மிஞ்சிய கேன்வாஸில், நாற்காலியின் முதுகில் தொப்பிபோல் கவிழும் ஒரு மடிப்பும், பின்புறம் தொங்கும் ஒரு பையும் சேர்த்துத் தைத்தவை அவை. மேசையில் அடுக்கிக் கிடந்த புத்தகங்களும் வண்ணப் பென்சில் பெட்டிகளும் அவற்றுக்குள் போனதால், எழுதுவதற்குக் குழந்தைகளுக்கு மேசை முழுவதும் கிடைத்தது. பாடவேளைக்குப் பாடவேளை புத்தகம் எடுக்க அலமாரிக்கு நடக்கும் கூட்டமும் நின்றது. பெயரைப் படிக்கத் தெரியாத குழந்தை தன் பையை எப்படி அடையாளம் காணும் என்று யோசித்தபோதுதான் கழற்றி வைத்த விலங்குத் திரை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு விலங்கையும் வெட்டி, விளிம்பு உள்ளே போகும்படி மடித்து, ஒரு பைக்கு ஒன்றாக வைத்துத் தைத்தேன். யானைகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு யானைப் பை.

இந்தப் பைகளிலும் இரண்டு குறைகள் உண்டு. கனமான புத்தகங்களை நிரப்பினால், குழந்தை எழுந்தவுடன் நாற்காலி பின்னால் சாய்கிறது. அதனால் பைக்குள் இரண்டு குறிப்பேடும் ஒரு புத்தகமும் மட்டுமே என்று வரம்பு வைத்திருக்கிறேன். பையின் மேல் மூலைகளில் ஒற்றைத் தையல் போட்டது என் பிழை. இழுப்பு முழுவதும் அங்கேதான் விழுகிறது. இருபத்தெட்டில் ஒன்பது பைகள் அந்த இடத்தில் பிரிந்துவிட்டன. இப்போது மூலைக்கு அடியில் ஒரு துண்டுப் பருத்தி நாடாவை வைத்து, சிறு சதுரமும் அதற்குள் குறுக்காக இரண்டு கோடுகளுமாகத் தைத்து வருகிறேன். ஐந்து முடிந்துவிட்டன, பள்ளி திறப்பதற்குள் மீதி நான்கையும் முடித்துவிடுவேன்.